மடவளை நன்னாரியும் நான் திருத்திய அறிக்கையும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை கண்டிப் பக்கமுள்ள மடவளைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, மன்னிப்புக் கேட்க. திருத்திய அறிக்கையைத் தபாலில் போட்டால் போதும் என்றார் எங்கள் மேலாளர். எனக்குப் போதவில்லை.

கொழும்பில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மடவளை பரீனா தாத்தா (அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள்) ‘மருந்து சேர்க்காதது’ என்று லேபல் ஒட்டி நன்னாரி சர்பத் விற்றார். அதில் பென்சோயேட் என்ற கெடாமல் வைக்கும் மருந்து இருக்கிறது என்று நான்கு மாதத்துக்கு முன் எழுதிக் கொடுத்தவள் நான்தான். வாங்கிக்கொண்டிருந்த பெரிய கடை அன்றோடு நிறுத்திவிட்டது.

கொழும்புக் கோட்டையில் காலை 5.55 ரயில். எட்டரை தாண்டிக் கண்டி. அங்கிருந்து மடவளைக்கு பஸ், எழுபது ரூபாய், நாற்பது நிமிடம். கட்டுகஸ்தோட்டை நெரிசலில் பஸ் நின்றபோது சொல்லப்போவதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

விஷயம் இவ்வளவுதான். சர்பத்தைக் கரைசலோடு ஒரு எஃகுக் குழாய்க்குள் தள்ளுவோம். உள்ளே சிலிக்கா மணிகள், மணிகளின் மேல் கொழுப்புச் சங்கிலிகள். ஒவ்வொரு பொருளும் தன் நேரத்தில் வெளியே வரும். எங்கள் பழைய குழாயில் பென்சோயேட்டும் நன்னாரி வேரின் சொந்தப் பொருள் ஒன்றும் ஒரே நிமிடத்தில் வரும்; வேரின் பொருளைத்தான் பென்சோயேட் என்று எழுதிவிட்டேன். புதுக் குழாயில் சங்கிலியின் நடுவே நீரை விரும்பும் அமைட் கண்ணி ஒன்று உண்டு. வேரின் அந்தப் பொருள், ஒரு பீனோல், அதைப் பிடித்துக்கொண்டு பிந்தி வரும். மிச்சம் வைத்திருந்த சர்பத்தை அதில் ஓட்டினேன். பென்சோயேட் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் புதுக் குழாய் முதல் பரிசோதனையின்போதே என் மேசை லாச்சிக்குள் இருந்தது. மாற்றிப் பூட்டப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் விட்டுவிட்டேன்.

பரீனா தாத்தா கதிரை போட்டு, டீ தந்து, அறிக்கையை இருதரம் வாசித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது.

“தங்கச்சி, நான் மருந்து போடல்ல. ஒங்கட பேப்பர்ல ஈக்கிதெண்டு போட்டிருந்திச்சி. அப்ப யாரு போட்ட? போத்தல் நிரப்பினது செல்வி மட்டும்தான். அவளத்தான் வேலயால நிப்பாட்டினேன்.”

இதை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை.

செல்வி கண்டிக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்தார். இருவரும் கண்டிக்கு பஸ்ஸில் திரும்பி, அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம், எண்ணூறு ரூபாய்.

“வாங்கக்கா, ஒக்காருங்க” என்று செல்வி பாயை உதறிப் போட்டார். நான் அறிக்கையை நீட்டி, பிழை என்னுடையது என்றேன். அவர் தாளைத் தொடவில்லை. தாத்தாவைப் பார்த்தார்.

“ஆறு வருசம் ஒங்க வீட்டுல சோறு தின்னேன். போட்டியான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

தாத்தா அழுதார். மறுபடி வரச் சொல்லிக் கெஞ்சினார். செல்வி வரமாட்டேன் என்றார், தேநீர் ஊற்றிக் கொடுத்தபடியே.

போகிறவர்களுக்கு: வெள்ளி மதியம் மடவளையில் கடைகள் பூட்டியிருக்கும், வேறு நாள் பாருங்கள். ஹந்தானைக்கு மழைக்கு முன் ஏறிவிடுங்கள், அட்டை கடிக்கும். என் தொழிலில் இருப்பவர்களுக்கு: ‘உண்டு’ என்று எழுதுமுன் வேறு வகைக் குழாயில் இன்னொரு தரம் ஓட்டுங்கள். பெரிய கடை மறுவாரமே சர்பத்தைத் திரும்ப வாங்கத் தொடங்கியது. போத்தல்களைத் தாத்தா தனியாக நிரப்புகிறார்.