தாணம்மா நின்ற வளைவு

தாணம்மா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது, சாலைக் கடைத்தெருவில் என் வாழைக்காய்க் கடை முன்னால் லாரியிலிருந்து குலை இறங்கிக்கொண்டிருந்தது. மருமகள்தான் போனில் சொன்னாள். காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். "எந்தா அண்ணாச்சி, முகம் வல்லாதெ வாடியிருக்கே?" என்று லாரிக்காரன் கேட்டான். "எதிர்வீட்டுக்காரி போயிட்டா" என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் குலையை எண்ணப் போய்விட்டேன். அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அது என்னுடையது.

நம் வலியசாலைத் தெருக்காரர்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாளக்கரைக்கு வாக்கப்பட்டு வந்தவள். ஆபீசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றாள். புருஷன் போன பிறகு வண்டி ஓட்டப் படித்து, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய சின்னக் கார் ஒன்றை வாங்கினாள். நம் தெருவில் பாதிப் பேர் அதில் ஆஸ்பத்திரிக்கோ ரயிலுக்கோ போயிருப்பீர்கள். ஏறும்போது பெல்ட் போடச் சொல்லி அவளிடம் வசவும் வாங்கியிருப்பீர்கள்.

அந்தக் காருக்கு டயர் மாற்ற என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். "எனக்கு என்னம்மா தெரியும்?" என்றேன். "ஒண்ணும் தெரியாண்டாம் அண்ணாச்சி. சும்மா வந்து நில்லுங்க. ஆம்பளை கூட இல்லைன்னா கடைக்காரன் செவுத்தப் பாத்துப் பேசுவான்." அவள் சொன்னது போலத்தான் நடந்தது. கடைப் பையன் எல்லாவற்றையும் என்னிடமே சொன்னான். "சேட்டா, இது கொஞ்சம் அகலம் கூடுதல். வண்டிக்கு நல்ல கெட்டப்பு வரும், கேட்டோ." நானும் பெரிய மனிதனாகத் தலையாட்டினேன். தாணம்மா நடுவில் வந்து நின்றாள். "மோனே, அவரு வாழைக்காய்க்காரர். வண்டி என்னுது. இங்க பாத்துப் பேசு."

பிறகு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த தாளில் போட்டிருந்த அளவைக் காட்டினாள். "வண்டி செஞ்சவன் இந்த அளவுதான் சொல்லியிருக்கான். கெட்டப்பு எனக்கு வேண்டாம். நம்ம ஊரு மழைக்குத் தண்ணியத் தள்ளுத மாதிரி ஆழமான வெட்டு இருக்கணும்." டயரை உருட்டச் சொல்லி, அது எந்த வருஷம் செய்தது என்று பக்கவாட்டில் தேடிப் படித்தாள். முதலில் எடுத்து வந்தது பழசு. "கடையில தூங்குன டயரும் வயசான டயர்தான்" என்று திருப்பி அனுப்பினாள். பையன் என்னைப் பார்த்தான். நான் செவுத்தைப் பார்த்தேன்.

டிக்கியில் அவள் வைத்திருந்தது ஒரு சிறு குடித்தனம். ஜாக்கி, ஸ்பேனர், சிவப்பு முக்கோணப் பலகை, டார்ச், கயிறு, தண்ணீர்க் குப்பி, முட்டுப் போட்டு உட்கார ஒரு பழைய சாக்கு. ஆயுத பூஜைக்கு அவை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. அடியில் படுத்திருக்கும் ஸ்டெப்னி டயருக்குத்தான் பெரிய பொட்டு.

வித்துராவிலிருந்து என் மைத்துனர் இறந்த செய்தி வந்த நாள் நல்ல மழை. அப்பா இல்லாத வீட்டில் என் வீட்டுக்காரியை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அண்ணன்தான். இருட்டுக்கு முன்னால் எடுத்துவிடுவோம் என்று அவர் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் செருப்பு மாட்டுவதற்குள் தாணம்மா காரை வெளியே எடுத்துவிட்டாள்.

நெடுமங்காடு தாண்டி ஒரு வளைவில், ரோட்டோரத் தண்ணீருக்குள் கிடந்த கருங்கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. அவள் பதறவில்லை. ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, முக்கோணப் பலகையை வளைவுக்கு அந்தப்புறம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை இறக்கினோம். பஞ்சு மாதிரி அமுங்கியது. காற்றே இல்லை.

மழையில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பொட்டு வச்சோம் அண்ணாச்சி. காத்து வைக்கல்லியே" என்றாள்.

என் வீட்டுக்காரி காருக்குள் அழுதுகொண்டிருந்தாள். போனில் சிக்னல் இல்லை. கொஞ்ச நேரத்தில் எஸ்டேட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றிய ஒரு ஜீப் வந்தது. "ரெண்டாள்னா கேறிக்கோ. மூணாளுக்கு இடமில்லா" என்றான் டிரைவர். நான் நிற்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் போங்கள் என்றேன். தாணம்மா என்னைத் தள்ளாத குறை. "வண்டிய எடுக்க உங்களுக்குத் தெரியுமா? மதினிக்கு இன்னிக்கு நானா வேணும்? நீங்க பக்கத்துல இருங்க. இந்த ஸ்டெப்னிய வித்துராவுல கொடுத்துக் காத்தடிச்சு அனுப்புங்க. போங்க, நேரத்தக் களையாண்டாம்." தன் குடையையும் என் வீட்டுக்காரியின் மடியில் போட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாடையைத் தூக்கக் கை வைத்திருந்தார்கள். இறக்கச் சொல்லி என் வீட்டுக்காரி அண்ணன் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

பஞ்சர் கடைக்காரன் ஆட்டோவில் டயரைக் கொண்டுபோய்க் கொடுத்தான். தாணம்மா அதை மாட்டிக்கொண்டு வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. சேலையெல்லாம் சேறு. வாசலிலேயே நின்று, "மதினி, முகத்தப் பாத்தியளா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்று இவள் தலையசைத்த பிறகுதான் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

அடுத்த ஆயுத பூஜையிலிருந்து நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்டெப்னியை இறக்கி, காற்றுப் பார்த்து, ஓடுகிற சக்கரம் ஒன்றைக் கழற்றி, இதை மாட்டித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் அவள் குங்குமத்தைத் தொடுவாள். "சேச்சி, இது பூஜையா வர்க்‌ஷாப்பா?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். "என் பாகத்த நான் செஞ்சாச்சு. இனி சாமி பாகம்" என்பாள். கிண்டல் செய்தவர்களே பிறகு தங்கள் வண்டி ஸ்டெப்னியைத் தெருவில் உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

அவள் போட்டோவை எல்லோரும் கேட்கிறார்கள். என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது ஒன்றுதான். அன்று ஜீப் நகர்ந்ததும், மூட்டைகளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் எங்களைப் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொட்டும் மழையில் வளைவின் முனைக்கு நடந்துபோய், கீழே இறங்கி வந்த பஸ்ஸை மெதுவாக வரச்சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.