பீலித் தண்ணீரில் ஒரு பைன்

ஓரிடத்தில் இருக்கிற கால்கள் இல்லை எனக்கு. இருந்தும் ஐந்து வருடமாக ஒரு மரத்தைச் சுற்றியே நடக்கிறேன்.

பண்டாரவளையில் வேலை செய்த காலத்தில் என் அறைக்குப் பின்னால் ஒரு பைன் காடு இருந்தது. மலையில் எந்த மாதமும் ஒரு தூறல், எந்தக் காலையும் ஒரு குளிர். மரங்கள் வருடத்தில் இரண்டு மூன்று தடவை குருத்துவிடும். காற்று வந்தால் காடு முழுக்கக் கடல்போல இரையும். மாற்றலாகி வடக்கே எங்களூர் கரவெட்டிக்கு வந்தபோது, யோகட் கோப்பையொன்றில் சிறு கன்றை வைத்து, பஸ்ஸில் மடியில் இருத்திக் கொண்டுவந்தேன்.

“கடல் இரையிற சத்தம் வேணுமெண்டால் பருத்தித்துறை பஸ்ஸிலை ஏறுங்கோ. அரை மணித்தியாலம் காணும்” என்றாள் மனைவி.

கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவில் அதை நட்டேன். வேலிக்கு அங்காலே வெங்காயம் செய்கிறவர் எட்டிப் பார்த்து, “அண்ணை, சவுக்குக் கண்டே?” என்று கேட்டார். பைன் என்றேன். “ஓமோம், சவுக்குத்தான்” என்றார். அன்றிலிருந்து அது சவுக்கு. என் வீட்டுக்காரிக்கும் அது “உங்கடை சவுக்கு” ஆகிப்போனது.

நாலாவது வருடம் ஊசியிலைகள் மஞ்சளடித்தன. முதலில் நுனி, பிறகு பாதி, பிறகு ஒரு கிளை முழுக்க. வெயிலென்று நினைத்தேன். சித்திரை வெயிலில் எங்களூர் மண் அடுப்புக்கல். மலையில் வளர்ந்த உயிர் இதைத் தாங்குமா? விடியத் தண்ணீர் வார்த்தேன். பின்னேரமும் வார்த்தேன். வாடின பயிரைக் கண்டால் மோட்டரைப் போடுவது எங்களுக்குக் கையோடு வந்த பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. மரம் இன்னும் மஞ்சளானது.

வைகாசியில் மனைவி ஒரு தேசி, அதாவது எலுமிச்சைக் கன்று வாங்கிவந்து, பையோடு பைனுக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு விளங்கிவிட்டது.

“இஞ்சேருங்கோ, தைப்பொங்கல் மட்டும் பாப்பம். அதுக்கிடையிலை குருத்து வராட்டில் பிடுங்கிப்போட்டு உதிலை தேசியை வைப்பம். என்ன?”

நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? அவள் பிறந்தது தோட்டக்காரர் வீட்டில். காய்க்காத ஒன்றுக்கு நாலு வருடம் இடம் விட்டதே பெரிய காரியம்.

ஆவணியில் ஒருநாள் காலை, சோளகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு போக, நான் வழமைபோல மரத்தடியில் நின்றேன். அவள் தேத்தண்ணீரோடு வந்து தானும் நின்றாள். தண்டைக் கீழிருந்து மேலே பார்த்தாள்.

“இதென்னப்பா, கிளையெல்லாம் தட்டுத் தட்டாய் வந்திருக்கு?”

பைன் அப்படித்தான் என்று சொன்னேன். குருத்து எழும்பும், அதைச் சுற்றி வட்டமாகக் கிளைகள் விரியும், பிறகு ஓய்ந்துவிடும். மலையில் அடிக்கடி எழும்பும். எங்களூரில் மாரிமழைக்கு மட்டும், வருடத்துக்கு ஒருக்கால். ஒரு வட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவிலுள்ள தண்டு அந்த ஒரு வருடத்து வளர்ச்சி.

அவள் குந்தியிருந்து முதல் இடைவெளியைக் கையால் அளந்தாள். இரண்டு சாண்.

“உது வெங்காயம் அழுகின வருசம். மழை விடவேயில்லை.”

அடுத்தது நாலு விரல். “உது கிணத்திலை வாளி தட்டின வருசம். மழையே இல்லை.”

மூன்றாவது ஒன்றரைச் சாண். அந்த வருடம் வெங்காயமும் பரவாயில்லை, மழையும் பரவாயில்லை என்றாள். நான் எந்தக் கொப்பியிலும் எழுதிவைக்காததை அவள் விரலால் வாசித்துக்கொண்டு போனாள். நாலாவது இடைவெளியில் கை நின்றது. மூன்று விரல்கூட இல்லை.

“போன மாரி நல்ல மழையெல்லே? பிறகேன் இவ்வளவு கட்டை?”

நானும் குனிந்து அந்த இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தேன்.

“அதுக்கு முந்தின கோடையிலை என்ன செய்தனீங்கள்?”

யோசித்தேன். “புது மோட்டர் பூட்டினது.”

“அதுக்குப் பிறகு?”

“அந்தக் கோடை முழுக்க மோட்டரிலை நல்லாத் தண்ணி வார்த்தனான்.”

அவள் எழும்பிக் குசினிக்குள் போனாள். தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலோடு வந்து மூடியைத் திறந்து என் மூக்குக்குக் கீழே பிடித்தாள். உள்ளே அடி முழுக்க வெள்ளைக் கல் படிந்திருந்தது.

“ஆறு மாசத்துக்கு முன்னம் வாங்கின கேத்தில். உந்தக் கிணத்துத் தண்ணி இரும்புக்கே உப்பிடிச் சுண்ணாம்பு பூசுதெண்டால், உங்கடை சவுக்கின்ரை வேருக்கு என்ன செய்திருக்கும்?”

மலையில் அந்த மரம் குடித்ததெல்லாம் மழைத்தண்ணீர். நான் இரண்டு நேரமும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறேன், அதுவும் அன்பாக.

மறுநாளே கூரை மழை வடிகிற பீலியின் வாய்க்குக் கீழே நீலப் பிளாஸ்ரிக் பரல் ஒன்றை வைத்தோம். புரட்டாதியில் இரண்டு இடிமழை வந்து அதை நிரப்பிவிட்டுப் போயின. கிழமைக்கு ஒரு வாளி, அதுவும் மரத்துக்கு மட்டும் என்று நான் சட்டம் போட்டேன். அவள் தேத்தண்ணீருக்கும் கொஞ்சம் அள்ளினாள். குடித்துப் பார்த்தபிறகு நானும் சட்டத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஐப்பசியில் மாரி பிறந்தது. மழை தன்பாட்டில் ஊற்றியது. மண் குளிர்ந்தது. கார்த்திகை முழுக்க மரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் குடையோடு போவேன், வருவேன், திரும்பவும் போவேன். மார்கழிப் பனியில் ஒரு காலை, உச்சியில் மெழுகுதிரி போல ஒன்று, வெள்ளை கலந்த பச்சையில் நின்றது. அவளைக் கூப்பிடவில்லை. பொங்கல் வரட்டும் என்றிருந்தேன். அவள் எனக்கு முன்னமே கண்டுவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது.

பொங்கலன்று, பானை இறக்கிப் படைத்துமுடிய, ஈரத்தலையோடு வந்து குருத்தைக் கையால் அளந்தாள். ஒரு சாணும் நாலு விரலும். பிறகு தேசிக் கன்றைப் பையோடு தூக்கிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் நடந்தாள்.

“இதை அங்காலை வைப்பம். ஊர்க்கண்டு, ஊர்த்தண்ணி குடிச்சு வளரட்டும்.”

நான் மண்வெட்டியோடு பின்னால் போனேன். வாடைக் காற்று ஒருதரம் வீசியது. ஐந்து வருடத்து மரம் எவ்வளவுக்கு இரையும்? யாரோ அரிசி புடைக்கிறமாதிரி ஒரு சின்னச் சத்தம். எனக்கு அது காணும்.

வேலிக்கு மேலே தலை தெரிந்தது. “அண்ணை, சவுக்கு நல்லா எழும்பியிருக்கு.”

நான் வாயைத் திறக்கமுதல் கிணற்றடியிலிருந்து அவள் குரல் வந்தது.

“சவுக்கில்லை. பைன்.”