போணி நேரத்துப் பதில்

திருவொற்றியூர்க் குப்பத்துப் பொன்னுரங்கம் விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். அவர் சம்சாரம் குணசுந்தரி, எண்ணூரில் பிறந்து இங்கே வாழ வந்தவள். டோல்கேட் முனையில் மீன் விற்கிறாள். அது அவள் மாமியார் உட்கார்ந்த இடம். இவர்களுக்கு ஒரே மகள் பவானி. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் தேடிப் பார்த்தால், காலேஜ் வாசல் மிதித்த முதல் பெண் அவள்தான்.

அவள் சேர்ந்தது கிறிஸ்தவக் கல்லூரி. காலை ஜெபத்தில் நெற்றித் திருநீறோடு கண்ணை மூடி நிற்பாள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூன்றாம் வருஷம் அவளைச் சிறப்பு வகுப்புக்கு எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அதில் வகுப்பே கிடையாது. பிள்ளை தானே ஒரு விஷயத்தைப் பிடித்து, தானே விசாரித்து எழுதி, ஆசிரியர்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். தனி ஆய்வு என்று அதற்குப் பேர். தேறினால் அங்கேயே எம்.ஏ., சம்பளம் கட்ட வேண்டாம். தேறாவிட்டால் படிப்பு அத்தோடு சரி. பொன்னுரங்கம் முன்னமே சொல்லிவிட்டார்: "இதுக்கு மேல நம்மால ஆவாது கண்ணு."

தெருவில் உட்கார்ந்து மீன் விற்கும் பெண்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைத்தான் பவானி எடுத்துக்கொண்டாள்.

"நான் குந்திகினு கீறதையா படிக்கப் போறே?" என்று சிரித்தாள் குணசுந்தரி. "உன் புக்கு நாறும்டி."

காலேஜ் போகும் வழியில், காலையிலேயே டோல்கேட்டில் இறங்கிக் கேட்டாள். மீன்காரி மகளுக்கு முறை தெரியும். போணி ஆகும் முன்னே, அதாவது அன்றைய முதல் வியாபாரம் ஆகும் முன்னே, வெறும் வாயோடு போய் நின்றால் முகம் கொடுக்க மாட்டார்கள். அதனால் தினம் ஒருத்தியிடம் ஒரு கூறு நெத்திலி வாங்கிப் போணி செய்து, மீனைத் தாயிடம் கொடுத்துவைத்துவிட்டுத்தான் பேச்செடுப்பாள்.

தாய்க்குப் பக்கத்தில் கூடை வைக்கும் வேம்பு அத்தை காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கேளு கண்ணு. உன்னுது ராசியான கை" என்றாள்.

"முட்டி வலி கீதா அத்தே?"

"எனக்கின்னா? கல்லு மாரி கீறேன்."

கெங்கம்மாவும் அதையே சொன்னாள். பெற்ற தாயும், "ஒரு கொறையும் இல்லன்னு எழுதிக்கோ" என்றாள். வீட்டில் தினமும் நெத்திலிக் குழம்பு.

"கடல்ல புடிக்கிறது நானு, காசு குடுத்து வாங்கினு வர்றது நீயா? நல்லா கீதுடி உன் படிப்பு" என்றார் பொன்னுரங்கம்.

எழுதியதை ரோஸ்மேரி மிஸ் படித்தார். ஆய்வுக்கு வழிகாட்டி அவர்தான். "ஐஸ்ல கைய விட்டுக்கிட்டு, தரையில உட்கார்ந்து இத்தனை வருஷம். ஒருத்தருக்குக்கூட வலி இல்லையா? நாற்காலியில உட்கார்ந்திருக்கிற எனக்கே இடுப்பு வலி!"

"அவங்க சொன்னதைத்தான் மிஸ் எழுதினேன்."

"தெரியும்மா. ஆனா இது நிக்காது. மாசக் கடைசிக்குள்ள மறுபடி விசாரி."

எங்கள் பொம்பளைகள் பொய் சொல்கிறார்கள் என்கிறாரா? கோபத்தோடு பஸ் ஏறியவள் மத்தியானம் டோல்கேட்டில் இறங்கினாள். வியாபாரம் முடிந்து எல்லோரும் அன்னக்கூடை கழுவிக்கொண்டிருந்தார்கள். வேம்பு அத்தை விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி" என்று பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"வலியே இல்லேன்னியே அத்தே?"

"அய்ய, போணி நேரத்துல எவளாச்சும் வலி கிலின்னு வாயத் தொறப்பாளா? அன்னிக்குப் பொழுது வெளங்குமா? மீன்காரி பொண்ணு, உனக்கு இது தெரியாதா?"

தெரியும். தெரிந்துகொண்டே, தன் கையால் போணியும் செய்து, அந்த நல்ல வாக்கை மட்டும் வாங்கி வந்திருக்கிறாள்.

கூடை கழுவும் நேரத்தில் மறுபடி கேட்டாள். ஒவ்வொருத்தியும் கொட்டித் தீர்த்தாள். கடைசியில் தாயிடம் வந்தாள். குணசுந்தரி இடது கையை நீட்டினாள்.

"இந்த ரெண்டு வெரலும் மரத்துப் போச்சு. கட்டின பூவா வாங்கினு வரேனே, ஏன்னு நென்ச்சே?"

தாய் வீட்டில் உட்கார்ந்து மல்லி கட்டிய காலம் பவானிக்கு நினைவுக்கு வந்தது. கொஞ்சம் வசதி வந்துவிட்டது, அதனால்தான் கடையில் வாங்குகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை.

ஆசிரியர்கள் முன்னால் நின்ற அன்று, வயதான ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "முதல்ல எழுதினது பொய்னு ஆயிடுச்சு. அதை ஏன் எடுத்துப் போடல?"

"பொய் இல்ல சார். நாள் நல்லபடியா போவணும்னு அவங்க சொன்னது அது. உடம்பைப் பத்தின பதில்னு நெனச்சது என் தப்பு. அதான் காலையில சொன்னதையும் மத்தியானம் சொன்னதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கேன்."

அவர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையில மட்டும் போய்க் கேக்கிற டாக்டருக்கும் இதே பதில்தான் கிடைக்கும், இல்லையா?" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். ரோஸ்மேரி மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

முடிவு மறுநாள் காலையில் போனில் வந்தது. பவானி டோல்கேட்டுக்கு ஓடினாள். குணசுந்தரி அப்போதுதான் சங்கரா மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"போணி ஆவல, நல்ல சேதின்னா சொல்லு."

"தேறிட்டேம்மா. எம்.ஏ. சீட்டு கீது."

குணசுந்தரி மகளின் கன்னத்தை ஈரக் கையால் வழித்து, விரலைத் தன் நெற்றியோரம் சொடுக்கித் திருஷ்டி கழித்தாள். "இதான்டி இன்னிக்கு போணி! வேம்பு, கேட்டியா?"

"அப்போ நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு, அந்த வெரலுக்கு..."

"ஏய், இந்த நேரத்துல அந்தப் பேச்ச எடுக்காதே." கூடையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள் குணசுந்தரி. "மத்தியானம் கேளு. வரேன்."