நாற்பத்தொன்றாம் நம்பர் எதை அணைத்தது?

"ஃப்யூஸைப் பிடுங்கறது பெருசில்லடா, எந்த வீடு இருட்டாச்சுன்னு..." மின்வாரியத்தில் இருந்த என் பெரியப்பா இப்படி ஏதோ சொல்வார், மீதி மறந்துவிட்டது. என் பிழைப்பும் ஏறக்குறைய ஃப்யூஸ் பிடுங்குவதுதான். செல்லுக்குள் கைனேஸ் என்னும் புரதங்கள் ஒன்றின்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஒட்டி, 'வளர்' என்ற உத்தரவைக் கைமாற்றிக்கொண்டே போகும். புற்றுநோய் செல்லில் அந்த சுவிட்ச் போட்டது போட்டபடி நின்றுவிடும். அதை அணைக்கும் ரசாயனத்தை வெளிநாட்டில் பல வருஷம் தேடினேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பெங்களூர் திரும்பியும் அதையேதான் தேடினேன். சோதனைக்கூடத்தில் நகம் கடித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கதவு

தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்கள்மேல், நாங்கள் செய்து பார்த்த ரசாயனங்களில் நாற்பத்தொன்றாம் நம்பர் மருந்தை ஊற்றியாகிவிட்டது. மூன்று நாள் காத்திருக்க வேண்டும். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. மணிக்கொரு தரம், செல்களை உடம்புச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டரைத் திறந்து எட்டிப் பார்த்தேன். டெக்னீஷியன் ஸ்டெல்லா, காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், பொறுமைசாலி. ஐந்தாவது முறை அவரே வந்து கதவைச் சாத்தினார்.

"சார், நீங்க பாக்கறீங்கன்னு அது சீக்கிரம் சாகாது. குளிர்ல வேணா சாகும்."

பேடா

நான்காம் நாள் செல்கள் கூண்டோடு செத்திருந்தன. மருந்து ஊற்றாமல் ஒப்பிட வைத்தவை கொழுகொழுவென்று இருந்தன. எங்கள் ஆறு பேரின் அடுத்த வருஷ வேலை, பணம் போடும் அமெரிக்கக் கம்பெனிக்குப் போகும் இந்த ஓர் அறிக்கையில்தான் தொங்கியது. மருந்து வேலை செய்கிறது என்று அன்றே அறிக்கையை ஃபேக்ஸில் அனுப்பினேன். நாற்பத்தொன்றைத் தயாரித்த மூர்த்தி பேடா வாங்கி வந்தான்.

"இன்னிக்காவது உக்காரு குரு, நடந்து நடந்து தரையைத் தேய்க்காத."

கறுப்புக் கோடு

சாவு மட்டும் போதாது. சுவிட்ச் அணைந்ததா என்றும் பார்க்க வேண்டும். பாஸ்பேட் ஒட்டிய புரதம் எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடாக விழும்; சுவிட்ச் அணைந்திருந்தால் அந்தக் கோடு மறைந்திருக்கும். அடுத்த வாரம் ஸ்டெல்லா இருட்டறையிலிருந்து ஃபிலிமை நீட்டினார். கோடு மை போல் கறுப்பாக நின்றது.

"செல்லு செத்துப்போச்சு, சுவிட்ச் எரிஞ்சிட்டே இருக்கு. அப்போ கொன்னது யாரு சார்?"

என் கையெழுத்து

நோட்டைப் புரட்டினேன். இந்த மருந்து தண்ணீரில் கரையாது. ஒரு கரைப்பானில் கலந்துதான் ஊற்றுவோம். மருந்து கரையமாட்டேன் என்று அடம்பிடித்ததால் கரைப்பானைக் கூட்டிக்கூட்டி வழக்கமான அளவைப்போல் முப்பது மடங்கு ஊற்றியிருக்கிறேன். ஒப்பிட வைத்த செல்களுக்கு அதில் ஒரு சொட்டும் விடவில்லை. எல்லாம் என் கையெழுத்து. வெறும் கரைப்பானை அதே அளவு புதிய செல்களில் விட்டுப் பார்த்தோம். மூன்றே நாளில் அவையும் செத்தன.

மூர்த்தி செத்த செல்களின் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தான்.

"கம்பெனிக்காரங்க கேக்கல, நீயா சொல்லாத. ஆறு பேர் சோத்துல மண்ணள்ளிப் போடாத குரு."

மறுநாள் காலை, அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக என் பெயரில் ஃபேக்ஸ் அனுப்பினேன்.