எண்ணெய் தொடாத தவக்காலம்

என் தம்பி வாழ்நாளில் சாராயம் தொட்டதில்லை. பள்ளிமுனையில் வள்ளம் வைத்து மீன் பிடிக்கிற ஆண்களில் இப்படி ஒருவனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஸ்கான் எடுத்துவிட்டு, ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று டொக்டர் சொன்ன அன்றே ஊர் கண்டுபிடித்துவிட்டது: "ஆள் கள்ளமாக் குடிக்கிறார்." என்ன வாய்களோ! நோயைவிட அந்தக் கதைதான் அவனைத் தின்றது.

சாம்பல் புதன் அன்று மாதாவுக்கு நேர்த்தி வைத்தான். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் இறைச்சி இல்லை, மீன் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஈரலும் சுத்தமாகும், பழியும் போகும் என்று நம்பினான். பிடித்த மீனைக் கரையில் கொட்டிவிட்டு வந்து, பேக்கரிப் பாணைச் சீனித் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்பான். மத்தியானம் குவித்த சோறும் பருப்பும். வெயிலுக்குச் சோடா.

நான் மன்னார் டவுனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அட கோதாரி! டொக்டர் சீனியையும் சோத்தையும் குறைக்கச் சொன்னவரல்லோ?"

"கொழுப்பைக் குறைக்கச் சொன்னவர், அக்கா. நான் எண்ணெயே தொடுறேல்லை. பிறகு கொழுப்பு எங்கால வாறது?"

"உன்ர ஈரலே செய்யுது!"

கரும்பலகை இல்லாமல் சொல்லிப் பார்த்தேன். சீனியும் மாவும் இரத்தத்தில் ஏறியதும் இன்சுலின் சுரக்கும். அது ஈரல் கலத்தின், அதாவது செல்லின், வெளியில் வந்து தட்டும், உள்ளே போகாது. தட்டிய செய்தியை ஒரு புரதம் அடுத்த புரதத்திடம் கொடுத்து, கலத்தின் கரு வரைக்கும் அனுப்பும். அங்கே கொழுப்புச் செய்யும் நொதியங்களுக்கான பரம்பரையலகுகள், அதாவது ஜீன்கள், வேலையைத் தொடங்கும். மிஞ்சிய சீனி கொழுப்பாகும். அந்தச் செய்தியில் இரண்டு கட்டளை உண்டு: சீனி செய்வதை நிறுத்து, கொழுப்பைச் செய். தம்பியைப் போன்றவர்களின் ஈரல் முதலாவதற்குச் செவிடாகிவிடும், இரண்டாவதை மட்டும் ஒழுங்காகக் கேட்கும். இரத்தத்தில் சீனி இறங்காது, இன்சுலின் இன்னும் சுரக்கும், கொழுப்பு ஏறிக்கொண்டே போகும்.

"மீனைத் தின்னு ராசா, சீனியை விடு" என்று கெஞ்சினேன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ. மாதாவுக்குச் சொன்னது சொன்னதுதான்."

சண்டை பிடித்தேன். கதைக்காமலும் இருந்து பார்த்தேன். அவன் அசையவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த கிழமை கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். திரும்ப எடுத்த ஸ்கானில் கொழுப்புக் கூடியிருந்தது. ஈரலில் தழும்பு விழத் தொடங்கிவிட்டது என்றார் டொக்டர். பிறகு, எழுதிக்கொண்டே கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்கோ, குடிக்கிறனீங்களோ?"

தம்பி தலை குனிந்துகொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இல்லை!" என்று நான்தான் கத்தினேன். வெளியில் வரிசையில் இருந்த பள்ளிமுனைச் சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் கதிரையில் சாய்ந்தான்.

"இவ்வளவு நாளும் வாயைக் கட்டி ஒறுத்தல் செய்தனான், அக்கா. இனி ஆர் என்னை நம்பப் போகினம்?"

அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினியில் இருந்து வந்தாள். காலையில் வெறும் வயிற்றோடு போன மனிசன் என்ற இரக்கத்தில், வழக்கத்தைவிட ஒரு கரண்டி சீனி கூடப் போட்ட தேத்தண்ணியை அவன் கையில் கொடுத்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவன் பாதியைக் குடித்துவிட்டான்.