கடல் வற்றும் வேளையில் நுவம்காருக்கு

ஹவுன்ஸ்லோவிலிருந்து ஹீத்ரோவுக்குக் காரில் கொஞ்சத் தூரம்தான். என்னை இறக்கிவிட்டு அண்ணி சொன்னார்: “புதைச்ச குழி இருந்தாச் சொல்லும், நான் பொட்டை அழிக்கிறன். ஆள் இருந்தாலும் சொல்லும். ரெண்டுக்கும் நடுவில இனி என்னால ஏலாது.”

அந்தப் பொட்டு என் அண்ணனுக்காக. இருபத்தைந்து வருடங்களுக்கு முன், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரை மொரித்தானியா வழியாக ஸ்பெயினுக்கு அனுப்பினான். தலைநகர் நுவாக்ஷோட்டிலிருந்து கடைசியாகப் போன் எடுத்தார்: “நாளைக்குக் கடற்கரையால வாகனத்தில போறம்.” அதோடு சரி. போன வருடம் எட்மண்டனில் ஒரு சிறுமியின் சாமத்தியவீட்டு விருந்தில் ஒருவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, “நுவம்கார் எண்ட மீன்பிடி ஊருக்குக் கிட்ட எங்கட பொடியளின்ர வாகனமொண்டைக் கடல் அடிச்சதாம்” என்றார். இவ்வளவு காலமும் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்? எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பிடாமலே எழுந்துவிட்டேன்.

நுவாக்ஷோட்டில் ஆங்கிலம் தெரிந்த சாரதி அகமது கிடைத்தார். இப்போது உள்நாட்டுப் பக்கமாகத் தார் வீதி இருக்கிறது. எனக்கு அந்தப் பழைய கரைவழிதான் வேண்டும் என்றேன். “கடல் வற்றி உள்வாங்கும் சில மணிநேரம் மட்டுமே போகலாம்” என்றார். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். சுமார் நூற்றைம்பது கிலோமீற்றர். இடப்பக்கம் அத்திலாந்திக், வலப்பக்கம் சகாராவின் மணல்மேடு, நடுவில் ஒரு கீற்று ஈரமணல். அதுதான் வீதி.

விமானத்தில் கிடந்த சஞ்சிகையொன்று இதை ‘மனிதக் கை படாத கரை’ என்று புகழ்ந்திருந்தது. அழகுதான், யார் இல்லையென்றது? பூநாரைகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. ஆனால் நான் தேடி வந்தது மனிதக் கை பட்ட ஓரிடத்தை. துருப்பிடித்த ஒரு வாகனக் கதவு, நட்டுவைத்த ஒரு கல், ஒற்றைச் செருப்பு. ஒன்றுமே இல்லை. அந்த அழகை அப்படியே வெறுத்தேன்.

பதினொரு மணியளவில் நுவம்கார். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தேநீர் தந்தார். நான் கேட்டதை அகமது அவருக்கு மொழிபெயர்த்தார்.

“ஐந்து பேர்” என்றார் முதியவர். “வாகனம் மணலில் புதைந்தது, கடல் பெருகியது. மூவரைக் கரைக்கு இழுத்தோம். மூச்சில்லை. மேட்டில் புதைத்தோம். தப்பிய இருவரும் பொலிசுக்குப் பயந்து வடக்கே நடந்துவிட்டார்கள்.”

அண்ணனின் படத்தை நீட்டினேன். வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “அன்று எல்லா முகத்திலும் மணல், மகளே.”

“குழிகள் எங்கே?”

கடலைக் காட்டினார். அந்த மேட்டைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது.

“வடக்கே போனவர்கள்?”

“அந்தப் பக்கம் குடிதண்ணீர் கிடையாது.” கைகளை ஏந்தி ஐந்து பேருக்காகவும் பிரார்த்தித்தார்.

மணலில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். குழியைக் கண்டேன் என்று பொய் சொல்லிவிடலாமா? அண்ணி விடுதலையாகிவிடுவார். அண்ணன் அந்த இருவரில் ஒருவராக இருந்தால்? உயிரோடிருப்பவருக்கு நானே குழி வெட்டுவதா?

“கடல் திரும்புகிறது” என்றார் அகமது. “இப்போது கிளம்பாவிட்டால் நாமும்...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஹீத்ரோ கார் தரிப்பிடத்தில் அண்ணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து பேர், மூன்று குழி, வடக்கே போன இருவர்.

“அப்ப தெரியாது?”

“தெரியாது அண்ணி.”

கார்க் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, ஸ்டிக்கர் பொட்டைக் கழற்றினார். விரல்நுனியில் அதை வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பழைய இடத்திலேயே அழுத்தி ஒட்டிக்கொண்டார்.

“பெல்ட்டைப் போடும்” என்றார்.