ஆறடிப் பாதைக்கு நூறு கையெழுத்து

செம்மங்கட்டளையில் கிராம சபை கூடுகிறது என்றால் முதல் நாளே அமிர்தத்தின் கைக்கு ஒரு பெரிய நோட்டு வந்துவிடும். தீர்மானப் புத்தகம். ஊராட்சிச் செயலர் பரணிதரன் அதை மஞ்சப்பையில் போட்டு, நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார். நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். லீவு நாளில் வந்து உட்கார ஊரில் யாருக்குப் பொறுமை? அமிர்தம்தான் அந்த வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளர். வாய்க்கால் வெட்டும் பெண்களிடம் அவள் சொன்னால் சொன்னதுதான். மேலே அரைப் பக்கத்தை வெறுமனே விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒவ்வொருத்தியாகக் கையெழுத்துப் போடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைப்பார்கள். கூட்டம் முடிந்த பிறகு பரணிதரன் மேலே தீர்மானத்தை எழுதிக்கொள்வார். பதினோரு வருடமாக இப்படித்தான். பெண்களை அலையவிடாமல் வேலையை முடித்துக் கொடுக்கிறோமே என்று அவளுக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமைதான் கடைசியில் அவள் தலையிலேயே விடிந்தது.

அவளுக்கு ஒரே மகள், வானதி. மன்னார்குடியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது மெயின் ரோட்டில் ஒரு நெல் லாரி ஒதுக்கியதில் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தாள். முழங்கையில் ஏழு தையல். அன்றைக்கே அவள் அப்பா ஐயாவு சைக்கிளைத் தூக்கி மாட்டுக்கொட்டகைக் கொக்கியில் மாட்டிவிட்டார்.

"பரீட்ச வரைக்கும் நான் வண்டியில கொண்டு விடுறேன். நடவு ஆரம்பிச்சிட்டா என்னால முடியாது. அதுக்கப்புறம் வீட்ல இருக்கட்டும், தையல் கத்துக்கட்டும். புள்ள உசுரோட இருந்தா போதும்" என்றார்.

மினிபஸ் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூட மணி அடித்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஊருக்குள்ளேயே வரும். மிச்சமிருந்தது வாய்க்கால் கரை. அந்த வழியாகப் போனால் ஒரு லாரியைப் பார்க்க வேண்டாம். ஆனால் கரை முழுக்கக் கருவேல முள், மழை பெய்தால் முழங்கால் சேறு. அதைச் சுத்தம் செய்து ஒரு பாதை போட்டுவிட்டால் மகள் பிளஸ் டூ வரை படித்துவிடுவாள். அமிர்தத்துக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அந்த வருடம் ஊராட்சியில் ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருந்தது. தலைவருக்கு ஊர் வாசலில் வளைவு கட்ட வேண்டும், அதில் பேர் பொறிக்க வேண்டும். அமிர்தம் இருபது நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மே ஒன்றாம் தேதி கிராம சபையில் கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். வளைவுக்கு நாற்பத்தாறு, பாதைக்குத் தொண்ணூற்றொன்று. தலைவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஆறடி அகலம் போதும் தலைவரே. நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுந்தான். ரெண்டு முனையிலயும் கல்லு நட்டுடணும், வேற வண்டி நுழையக் கூடாது" என்றாள் அமிர்தம்.

"எழுதிக்க, பரணி" என்றார் தலைவர்.

பரணிதரன் தலையாட்டினார். பேனா அசையவில்லை. அதை அவள் கவனித்திருக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போல முதல் நாளே கையெழுத்து வாங்கிக் கொடுத்தாயிற்று, இனி என்ன?

பாதை வந்தது. முள்ளையெல்லாம் வழித்துத் தள்ளி, ஜூன் கடைசிக்குள் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். அளந்து பார்த்தால் ஆறடி இல்லை, பன்னிரண்டடி. கூட இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தாள் பைத்தியக்காரி. கல் எங்கே என்று கேட்டாள். "வரும்க்கா" என்றார் பரணிதரன். ஐயாவு சைக்கிளை இறக்கிக் கொடுத்தார். வானதி பிளஸ் ஒன் சேர்ந்தாள். மூன்று மாதம் வீட்டில் ஒரு குறையும் இல்லை.

குறுவை அறுப்பு வந்தது. நெல் கொள்முதல் நிலையம் இருப்பது கரையின் மறுகோடியில். மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போன லாரிகளுக்கு இந்தப் பன்னிரண்டடி சாலை நல்ல குறுக்கு வழியாகக் கிடைத்தது. வாய்க்காலில் தண்ணீர் முட்ட ஓடுகிறது, இன்னொரு பக்கம் வயல், ஒதுங்கக் காலடி இடம் கிடையாது. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த லாரிக்குப் பயந்து வானதி சைக்கிளோடு வயலில் இறங்கிவிட்டாள். மகள் இடுப்பு வரை சேற்றோடு வீடு வந்தாள். அவள் கழுவி வைத்த சைக்கிளை ஐயாவு தூக்கி மறுபடி கொக்கியில் மாட்டினார். அவர் நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூட அமிர்தத்துக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும்.

நேராக ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். பரணிதரன் புத்தகத்தை எடுத்துப் போட்டார். 'வாய்க்கால் கரையில் பன்னிரண்டடி அகலத்தில் சாலை அமைத்தல்.' நடை இல்லை, சைக்கிள் இல்லை, கல் இல்லை.

"கீழ பாருங்கக்கா, நூறு பேருக்கு மேல கையெழுத்து இருக்கு. மொதக் கையெழுத்தே உங்களுது. நான் என்ன பண்ண?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. தலைவரிடம் போனால் அவர் சிரித்தார். "பாதை கேட்ட, போட்டாச்சு. அகலமாப் போட்டதுக்கு ஒருத்தி சண்டைக்கு வந்து இப்பத்தான் பாக்குறேன்."

அக்டோபர் முதல் தேதி மஞ்சப்பை வந்தபோது அமிர்தம் அதைத் தொடவில்லை. நாளைக்குக் கூட்டத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். பெண்களை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னாள். "எழுதாத தாள்ல இனிமே கை வைக்காதீங்கடி" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அவளோடு பதினோரு வருடமாக வேலை பார்க்கும் பாக்கியம் அழுதே விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் மேஜை போட்டு, அரைப் பக்கம் வெறுமையாக விட்ட புத்தகத்தை விரித்து வைத்திருந்தார் பரணிதரன். முதலில் போய்க் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? அதே பாக்கியம்.

"அடுப்புல உல வச்சிட்டு வந்திருக்கேன் அமிர்தம், கோவிச்சுக்காத" என்றாள்.

அவளுக்குப் பின்னால் வரிசையாக எல்லாரும். அமிர்தத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இவர்களுக்காகவா இத்தனை நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினோம் என்று படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பரணிதரன் எண்ணினார். தொண்ணூற்றொன்பது. மறுபடி எண்ணினார். அதேதான். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரணிதரன் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு குறையுது."

அமிர்தம் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்தாள். மேலே வெறும் தாள். கீழே தொண்ணூற்றொன்பது பேர். அவள் கையெழுத்துப் போடவில்லை; மேலே எழுத ஆரம்பித்தாள். கொட்டை எழுத்தில் எழுதி முடித்து, எழுந்து நின்று உரக்கப் படித்தாள்.

"வாய்க்கால் கரைப் பாதையில் நடப்பவர்களும் சைக்கிளும் தவிர வேறு வண்டி போகக் கூடாது. இரண்டு முனையிலும் மூன்றடிக்கு ஒரு கல் நட வேண்டும். ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க!"

பாக்கியம் இரண்டு கையையும் தூக்கினாள். மற்றவர்களும் தூக்கினார்கள். அதன் பிறகுதான் அமிர்தம் நூறாவது கையெழுத்தைப் போட்டாள்.

"இது நான் எழுத வேண்டியதுக்கா" என்றார் பரணிதரன்.

"ஒனக்குக் கை வலிக்குமேன்னு நானே எழுதிட்டேன்."

கல் வந்ததா? எங்கே வரும்! போய்க் கேட்டபோதெல்லாம் "வரும்க்கா" என்ற அதே பதில். மூன்றாவது வாரம் வேலை முடிந்ததும் பெண்கள் கடப்பாரையோடு கரைக்குப் போய், இரண்டு முனையிலும் சிமெண்டை ஒட்டிய மண்ணில் மூன்றடிக்கு ஒன்றாகப் பனைமரத் துண்டுகளை நட்டார்கள். மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு நெல் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது.

"யாரு இத நட்டது? புடுங்குங்க!" என்று டிரைவர் கத்தினார்.

"நூறு பேரு நட்டதுங்க" என்றாள் அமிர்தம். "ஆபீஸ்ல கையெழுத்து இருக்கு, போய்ப் பாத்துட்டு வாங்க."

லாரி கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, ரிவர்ஸிலேயே போய் மெயின் ரோட்டில் திரும்பியது. அமிர்தம் வீட்டுக்கு வந்தாள். ஐயாவுவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டுக்கொட்டகைக்குள் போய், கொக்கியிலிருந்து சைக்கிளைத் தானே இறக்கினாள். இரண்டு டயரிலும் காற்று இல்லை. இதற்கும் ஒரு தீர்மானம் போட வேண்டும்போல என்று முணுமுணுத்துக்கொண்டே பம்பைத் தேடினாள்.